குண்டும் பம்பரமும்: ஓபர்ன்டோர்ஃபிலிருந்து திருச்சி வரை

திருச்சிக்காரப் பதிவர்களுக்கு முதல்ல ஒரு கேள்வி. நம்ம ஊர் துப்பாக்கித் தொழிற்சாலையில 'வித்வன்சக்' என்று ஒரு ராட்சசத் துப்பாக்கி செய்தார்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா? 2007ல் சோதனை முடிந்து எல்லைப் பாதுகாப்புப் படைக்குப் போன சரக்கு. ஒரே துப்பாக்கிதான். குழாயையும் இன்னும் சில பாகங்களையும் மாற்றினால் 12.7, 14.5, 20 மி.மீ. என்று மூன்று அளவுத் தோட்டாக்களைச் சுடலாம்.

இந்த 20 மி.மீ. தோட்டாவுக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. அது பிறந்தது ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் ஓபர்ன்டோர்ஃப் என்ற குட்டி ஊரில். நான் படிக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து ரயிலில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். 1811ல் வூர்ட்டம்பெர்க் அரசர் ஒரு பழைய மடாலயத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை ஆரம்பித்த ஊர் அது. மவுசர் கம்பெனியின் சொந்த ஊர். இரண்டாம் உலகப்போரில் விமானங்களில் பொருத்திய எம்.ஜி. 151/20 பீரங்கிக்காக மவுசர் உருவாக்கிய தோட்டாதான் இந்த 20×82. அரை நூற்றாண்டு கழித்து தென்னாப்பிரிக்காக்காரர்கள் அதை வைத்து, தரையில் படுத்துச் சுடும் என்.டி.டபிள்யூ.-20 துப்பாக்கியைச் செய்தார்கள். இந்தியா அதைக் கொஞ்சம் வாங்கியது. 2005ல் லஞ்சப் புகாரில் அந்த டெனெல் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போக, அதே சாயலில் திருச்சியில் வித்வன்சக் வந்தது.

இனிமேல்தான் விஷயமே. வித்வன்சக்குக்கு வெளியிட்ட கணக்கில் 12.7, 14.5 இரண்டும் 1800 மீட்டர் வரை பயன்படும். 20 மி.மீ.? 1300 மீட்டர்தான்! குண்டு பெரிசாச்சு, தூரம் குறைஞ்சுபோச்சு. எப்படிங்க?

(டிஸ்கி: நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை, திருவிழாவில் பலூன் சுட்டதைத் தவிர. படிப்பது மெக்கானிக்கல், அதிலும் காற்றோட்டம் பக்கம். அந்தக் கண்ணோடுதான் இந்தப் பதிவு. இன்னொன்று: பறந்து போகும் முனையைக் 'குண்டு' என்றும், பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுசைத் 'தோட்டா' என்றும் சொல்கிறேன். குழப்பிக்காதீங்க.)

பிங்பாங் பந்தும் கிரிக்கெட் பந்தும்

இரண்டையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். பிங்பாங் பந்து பத்தடியில் சோர்ந்து விழும். கிரிக்கெட் பந்து பவுண்டரிக்குப் போகும். காற்று தடுப்பது பரப்பளவை. அதை எதிர்த்துப் போக உதவுவது எடை. அதனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்குப் பின்னாலும் எவ்வளவு எடை நிற்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரே வடிவத்தில் குண்டின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நாலு மடங்கு, எடை எட்டு மடங்கு. அப்போ பரப்புக்குப் பின்னால் இருக்கும் எடை இரட்டிப்பு. தூரம் சுட ஆசைப்படுகிறவர்கள் பெரிய காலிபருக்குப் போவது இதனால்தான். ஆனால் 'ஒரே வடிவத்தில்' என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாமே மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மன் ராணுவம் இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கற்றுக்கொண்டது. 1888ல் வந்த அவர்கள் குண்டு உருண்டை மூக்கு, 14.7 கிராம், வேகம் விநாடிக்கு 600 மீட்டர் சொச்சம். 1903-05 வாக்கில் 'எஸ்' தோட்டா வந்தது. எஸ் என்றால் ஷ்பிட்ஸ், கூர்முனை. எடையை சுமார் 10 கிராமாகக் குறைத்து, மூக்கைச் சீவி, வேகத்தை 900க்குப் பக்கம் கொண்டுபோனார்கள். உலகமே அசந்துபோய்க் காப்பியடித்தது. ஆனால் முதல் உலகப்போரில் எந்திரத் துப்பாக்கியை ரொம்ப தூரத்துக்குச் சுடவேண்டி வந்தபோது இந்த வேகக்காரன் பாதி வழியில் மூச்சு வாங்கினான். அதனால் 'எஸ்எஸ்', அதாவது கனமான கூர்முனைக் குண்டு: 12.8 கிராம், பின்பக்கம் படகு மாதிரி ஒடுங்கியது. கிளம்பும்போது வேகம் நூறு மீட்டருக்கும் மேல் குறைவு. ஆனால் தூரம் போகப்போக இவன்தான் முந்தினான். ஆமை முயல் கதைதான், போங்க.

இதில் பிரெஞ்சுக்காரர்கள் சிரித்திருப்பார்கள். கூர்முனை, படகு வால் இரண்டையும் சேர்த்து 1898லேயே 'பால் டி' என்ற குண்டை அவர்கள் செய்துவிட்டார்கள். அதுவும் ஈயமே இல்லாமல், முழுக்கப் பித்தளையில். இந்தப் பித்தளையை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

தோளை உடைத்த 13 மி.மீ.

1918ல் ஆங்கிலேய டாங்கிகளுக்குப் பயந்து மவுசர் அவசரமாகச் செய்தது டாங்க்கெவேர். நம்ம பழைய போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியையே பூதக்கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். 13.2 மி.மீ., ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, எடை சுமார் 17 கிலோ, உள்ளே எஃகு மையம் வைத்த குண்டு. பின்னுதைப்பைத் தாங்க எந்த ஏற்பாடும் கிடையாது, சுடுகிறவன் தோள்தான் ஷாக் அப்சார்பர். 15,000க்கும் மேல் செய்தார்கள். கைப்பற்றிய அந்தத் தோட்டாக்களை அமெரிக்கர்கள் ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் உருவாக்கிய 12.7 மி.மீ. (.50) தோட்டா இன்றைக்கும் பல நாட்டு ராணுவங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் இரும்பைத் துளைக்கப் பிறந்தவை. இரண்டு கிலோமீட்டரில் ஒரு தட்டைத் தொட வேண்டும் என்று யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை.

ஒலியின் வாசற்படி

ரொம்ப தூரம் சுடுவதில் உண்மையான வில்லன் காற்றின் வேகமோ புவியீர்ப்போ இல்லை. அதெல்லாம் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம். உதாரணத்துக்கு, 1500 மீட்டர் போக இரண்டரை விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் குண்டு சுமார் 30 மீட்டர், ஒரு பத்து மாடி உயரம், கீழே இறங்கியிருக்கும். அதற்கேற்ப மேலே பார்த்துச் சுடவேண்டியதுதான். (ஆனால் மருந்து ஒரே சீராக எரியாமல் கிளம்பும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் மாறினால்கூட அந்த தூரத்தில் ஒரு அடிக்கு மேல் தள்ளிப்போகும். என் கால்குலேட்டர் சொன்னது.)

வில்லன், ஒலியின் வேகம். விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைவிட வேகமாகப் போகும் குண்டுக்கு முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்கி அதிர்வலையாக நிற்கிறது. இதை முதலில் படம் பிடித்தவர்கள் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் இருவரும். 1886ல், இன்றைய குரோஷியாவின் ரியேக்காவில் சால்ஷர் சோதனை செய்தார். பிராகில் இருந்த மாக் கடிதம் வழியாக வழி சொன்னார். மறு வருஷம் வியன்னாவில் கட்டுரை. விமானமே பறக்காத காலத்தில்!

குண்டு வேகம் குறைந்து அந்த 340ஐ மேலிருந்து கீழே தாண்டும் இடத்தில்தான் கூத்து. அதிர்வலைகள் இடம் மாறுகின்றன, காற்றின் அழுத்தம் குண்டின் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதும் மாறுகிறது. பம்பரம் கடைசியில் தலையாட்டுமே, அந்த மாதிரி ஆட்டம் வரும். நல்ல குண்டென்றால் ஆட்டம் அடங்கும். மோசமான குண்டென்றால் ஆட்டம் வளர்ந்து, எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

அந்த ஆட்டத்தில் இன்னொரு பெர்லின்காரருக்கும் பங்குண்டு. சுழலும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதை 1852ல் ஆராய்ந்த மாக்னஸ். நம்ம ஸ்பின்னர்கள் வீசும் பந்து காற்றிலேயே விலகுகிறதே, அதே சங்கதி. அவர் யோசித்தது கிரிக்கெட்டைப் பற்றி இல்லை, பீரங்கிக் குண்டு ஏன் வழி தவறுகிறது என்று. பெர்லினில் அவர் வீடு இன்றும் இருக்கிறது.

கடைசல் பட்டறையில் பிறக்கும் குண்டு

சரி, இன்று என்ன புதுசு? ஒரே வரியில் சொன்னால், ஒலியின் வாசற்படியை முடிந்தவரை தள்ளிப்போடுவது, தாண்டும்போது ஆடாமல் தாண்டுவது.

1980களில் வந்த 8.6 மி.மீ. லாபுவா மேக்னம் பின்லாந்துச் சரக்கு. ஜெர்மன் ராணுவமும் 2016ல் சூல் நகரத்து ஹேனல் கம்பெனியிடமிருந்து இந்தத் தோட்டாவைச் சுடும் ஜி29ஐ வாங்கியது. அதற்கும் மேலே .375, .408, .416 என்று இடைப்பட்ட அளவுகள். .416ல் பாருங்கள், பெரிய .50 தோட்டாவின் கூட்டையே கொஞ்சம் குட்டையாக்கி, கழுத்தை நெரித்து, சின்ன விட்டத்தில் நீளமான மெல்லிய குண்டை வைத்தார்கள். அளவு சின்னதாச்சு, தூரம் கூடியது.

செய்யும் முறையும் மாறியது. வழக்கமான குண்டு, செம்புச் சட்டைக்குள் ஈயம். சட்டை ஒரு பக்கம் தலைமுடி அளவு தடித்தாலும் எடை மையம் விலகும். நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுழலும் பொருளுக்கு அது போதும், தலையாட்ட. அதனால் இப்போது சி.என்.சி. கடைசலில் முழுச் செம்பு அல்லது பித்தளைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கிறார்கள். 1898 பித்தளை திரும்பி வந்துவிட்டதா?

இலவசமாக எதுவும் வராது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குக் குண்டு நீளமாகணும். நீளமானால் நிமிர்ந்து நிற்க இன்னும் வேகமாகச் சுழலணும். அதற்குக் குழாயின் உள்வரியே இறுக்கமாக முறுக்கணும். ஆக புதுக் குண்டு என்றால் புதுத் துப்பாக்கி. அப்புறம் டாப்ளர் ரேடாரை வைத்து ஒவ்வொரு மீட்டரிலும் வேகம் எப்படிக் குறைகிறது என்று அளக்கிறார்கள். அட்டவணையை நம்பிய காலம் போச்சு.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். எம்.ஜி. 151 முதலில் 15 மி.மீ. தான். வேகமானது, நேராகப் போவது. அதை 20 ஆக்கியது உள்ளே வெடிமருந்து நிறைய வைக்க. கூட்டைக் குட்டையாக்கி, வாயை அகலப்படுத்தி, குட்டையான குண்டை வைத்தார்கள். வேகம் போச்சு, வடிவம் போச்சு. வானத்தில் சில நூறு மீட்டரில் சுடுகிறவனுக்கு அது போதும். அந்த 1940களின் முடிவுதான் திருச்சித் துப்பாக்கியின் 1300 மீட்டரில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

யார் பக்கம் பறக்கும்?

குண்டைத் தடுத்து நிறுத்த மனுஷன் போட்ட சட்டங்களிலும் நம்ம ஊர் இருக்கு. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகள் கூடாது என்று 1868ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உடன்பாடு (விமானப் போரில் அது காற்றில் பறந்தது). உடம்புக்குள் விரியும் குண்டுகள் கூடாது என்று 1899ல் ஹேகில் இன்னொன்று. அந்தக் குண்டுக்குப் பேரே கல்கத்தா பக்கத்து டம்டம். அதற்கு எதிரான வாதத்துக்கு வலு சேர்த்தவை டூபிங்கன் அறுவை மருத்துவர் பவுல் ஃபோன் புரூன்ஸின் சோதனைகள். அவர் சுட்டது டம்டம் குண்டே இல்லை என்று ஆங்கிலேயர் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

இதையெல்லாம் நான் தோண்டியதற்குக் காரணம் உண்டு. இது எனக்குத் தீசிஸ் தேடும் செமஸ்டர். கையில் இரண்டு தலைப்பு. ஒன்று, ஒலி வேகத்தைத் தாண்டும் சுழலும் பொருளைச் சுற்றிய காற்றோட்டம் (என்ன பொருள் என்று எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை). இன்னொன்று, காற்றாலை இறக்கையின் நுனியில் வரும் சுழல். சமன்பாடு இரண்டுக்கும் ஒரே குடும்பம். முதலாவதுதான் சுவாரசியம் என்று இந்த நீளப் பதிவைப் படித்த உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இங்கே பல்கலைக்கழகங்களில் 'சிவில் கிளாசல்' என்று ஒரு சங்கதி உண்டு. ஆராய்ச்சி அமைதிக்கு மட்டுமே என்ற உறுதிமொழி. 1986ல் பிரேமன் ஆரம்பித்தது, 2010ல் டூபிங்கனும் சேர்த்துக்கொண்டது. 2022ல் உக்ரைன் போர் பெரிதான பிறகு காற்று திரும்பியது. 2024ல் பவேரியா அந்த மாதிரி உறுதிமொழியே கூடாது என்று சட்டம் போட்டது. கூடப் படிக்கும் ஜெர்மன் நண்பன் கேட்டான், "எல்லாரும் காற்றாலை செய்தால் எல்லையில் யார் நிற்பது?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் மனசில் ஓடுகிறது. மாக்னஸின் கட்டுரை, மவுசரின் தோட்டா இரண்டுமே செய்தவர்கள் நினைத்தே பார்க்காத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டுரை கிரிக்கெட் மைதானத்துக்குப் போனது. தோட்டா பெர்லின் வானத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வழியாக நம்ம எல்லை வரை வந்து, எண்பது வருஷமாக அதே வேலையைத்தான் பார்க்கிறது. குண்டு கடையும் பட்டறைக்காரர் எல்லாவற்றையும் மைக்ரான் கணக்கில் தீர்மானிக்கிறார், எதிர்முனையில் நிற்பது யார் என்பதைத் தவிர. போர்ச் செய்தி கேட்டே வளர்ந்த தலைமுறை நம்முடையது. எதிர்முனையில் நின்றவர்களின் சொந்தக்காரர்கள் இந்த ஊரிலேயே எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் அவர்கள் வீட்டில் விளக்கு எரியும்.

காற்றாலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது இறக்கை நுனியைப் பார்த்து நாலு பேருக்கு லெக்சர் கொடுக்கலாம் :-) மற்றதை எடுத்த நண்பனை நான் குறை சொல்லமாட்டேன். நீங்களாக இருந்தால் எதை எடுத்திருப்பீங்க? பின்னூட்டத்தில் சண்டை போடலாம், வாங்க.