சீட் கிடைச்சாச்சு... ஃபீஸுக்கு என்ன வழி? கல்லூரி உதவித்தொகையை எங்கே, எப்படித் தேடுவது?

கவுன்சிலிங்கில் விரும்பிய கல்லூரி கிடைத்த சந்தோஷம் பல வீடுகளில் ஒரு நாள்தான் நிற்கிறது. மறுநாளே 'ஃபீஸ் எப்போ கட்டணும்?' என்ற கேள்வி வந்துவிடும். நகையை அடகு வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு, தங்கள் பிள்ளைக்கு அரசு உதவி இருப்பதே தெரிவதில்லை. தெரிய வரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும்.

உதவி இரண்டு வகை

ஒன்று, சேரும்போதே கட்டணத்தைக் குறைப்பது. இன்னொன்று, சேர்ந்த பிறகு மாணவரின் வங்கிக் கணக்கில் வருவது. இரண்டாவது வகைப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதை நம்பி முதல் தவணை ஃபீஸ் கட்டத் திட்டமிட்டால் சிக்கல்தான்.

சேரும்போதே கட்டணம் குறைய...

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேருவோருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையா? முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆனால் கவுன்சிலிங் மூலம் சேருவோருக்குத்தான் இது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் சலுகை என்பதால், அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது.

கணக்கில் வரும் பணம்

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கானது இது.

எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்குத் தனித்தனி உதவித்தொகைகள் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் திட்டத்தின் வருமான வரம்பைக் கவனிக்க வேண்டும்.

மத்திய அரசு திட்டங்களுக்கு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் எடுத்து, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000 தரும் திட்டம் இருக்கிறது. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு 'பிரகதி' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.50,000. வருமான வரம்பு ரூ.8 லட்சம். கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே விண்ணப்பிப்பது முக்கியம். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று விட்டால் வாய்ப்பே போய்விடும்.

அப்படியும் பணம் போதவில்லையா?

கந்துவட்டிக்குப் போகும் முன் கல்விக் கடன் பக்கம் பார்க்கலாம். ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குப் பொதுவாக அடமானமும் தேவையில்லை, கைப்பணம் போடவும் தேவையில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தில் ரூ.7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் பெறலாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட அவகாசம் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்லூரிகளில் சேருவோர் அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் பெறலாம்.

விண்ணப்பம் எங்கே தடுமாறுகிறது?

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் காரணம்.

* வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருந்தாலும், ஆதாருடன் இணைக்கப்படாமல் இருப்பது. பல கணக்குகள் இருந்தால், எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும்.
* ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து.
* வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருப்பது. ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்தால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.
* ஆன்லைனில் விண்ணப்பித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. கல்லூரி சரிபார்த்து அனுப்பினால்தான் விண்ணப்பம் நகரும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது.

யாரிடம் கேட்பது?

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைக் கவனிப்பவரைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நலம், ஆதிதிராவிடர் நலப் பிரிவுகளிலும் விவரம் கிடைக்கும். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 'ஸ்காலர்ஷிப் ஓகே ஆயிடுச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று யார் போன் செய்தாலும் அது மோசடி. உதவித்தொகை தர எந்த அரசு அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது, முன்பணமும் கேட்காது.

மார்க் எடுத்த பிள்ளை பணமில்லாமல் படிப்பை விடுவது அந்த வீட்டுக்கு ஒரு தலைமுறை இழப்பு. அதைத் தடுக்க, சில நேரம் சரியான தேதியில் போட்ட ஒரு விண்ணப்பமே போதும்.