கொழும்பு: பெயரும் பொருளும்

கொழும்பு என்னும் பெயருக்கு வழங்கும் விளக்கங்களுள் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிற் கூறுவது பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. காய்க்காது இலைமாத்திரம் தழைத்த மாமரமொன்று அங்கு நின்றதாம். சிங்களத்தில் 'கொல' இலை, 'அம்ப' மா. கிறித்தவர் கொலம்பசின் நினைவாக அப்பெயரைத் திரித்தனர் என்றும் அவர் எழுதினார். கதை சுவையானதே. ஆயின், 1344இல் இங்கு வந்த இபுன் பதூதா இந்நகரைக் 'கலன்பு' எனக் குறித்துள்ளார். கொலம்பஸ் பிறந்ததோ 1451 அளவில். போர்த்துக்கேயர் 1505இல் வந்தபோது பெயர் முன்னரே நிலைபெற்றிருந்தது.

'துறை' என்னும் பொருளிற் பழஞ்சிங்களத்தில் வழங்கியதாகக் கூறப்படும் 'கொலம்ப' என்ற சொல்லே ஏற்புடைத்தென நாம் கருதுகின்றோம். களனியாற்று முகத்துவாரத்தை அண்டிய வணிகத்துறைக்கு அது பொருந்துகின்றது. ஊர்ப்பெயரை ஓரினத்தின் உறுதிப்பத்திரமாகக் காட்டும் ஆர்வத்தில், தமிழ் வடிவத்தின் ழகரத்தைப் பற்றிக்கொண்டு 'கொழு' என்னும் அடியிற் பொருள் தேடுவது மாமரக் கதையின் மறுபதிப்பேயாகும்.