இஸ்திரி போட்ட சட்டை

கட்டிலுக்குப் பக்கத்தில் – 8

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக என் வீட்டுக்காரரை மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிப்போன அன்று விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிட்டேன். வெந்நீர் போட்டு அவரைக் குளிப்பாட்டினேன். சலூன்காரரை முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வரச்சொல்லி முகச்சவரம் முடித்திருந்தது. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போட ஒரு வரிசை உண்டு. விளங்காத கைதான் முதலில் உள்ளே போக வேண்டும், நல்ல கை பிறகு. அப்படியே போட்டுவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். நாலு பேர் முன்னால் அவர் கசங்கிப்போய் உட்காரக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் மனதில் இருந்த ஒரே எண்ணம்.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வலது கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாருங்க சார்."

"குளிக்கிறாரா?"

"தினமும் குளிச்சிருவாருங்க."

"நடை?"

"நடப்பாருங்க. கொஞ்சம் புடிச்சுக்கோணும்."

அவ்வளவுதான். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் 'குளிக்கிறார்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள், பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறையில் போட்டு, வழுக்காமல் இருக்க அடியில் கோணிப்பை விரித்து, இடுப்பைப் பிடித்து உட்காரவைத்து, இறுக மூடிக்கிடக்கும் வலது கை விரல்களை வெந்நீரில் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைக் கழுவி, துவட்டி, மறுபடி தூக்கி நிறுத்துகிற முக்கால் மணி நேரம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. புருஷனைக் குளிப்பாட்டுவதைப் போய் யாராவது அதிகாரியிடம் கணக்குச் சொல்வார்களா?

சான்றிதழ் வந்தது. 70 சதவீதம்.

இந்த 70 எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கை காலுக்கு 60, பேச்சுக்கு 30 என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அறுபதும் முப்பதும் தொண்ணூறு என்றுதானே நமக்குத் தெரியும்? அரசு வழிகாட்டியில் வேறு கூட்டல். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்தால் வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 90-ல் 60 போக 30. முப்பதை முப்பதால் பெருக்கினால் 900. தொண்ணூறால் வகுத்தால் 10. ஆக, பேச்சு போனதற்கு எங்களுக்குக் கிடைத்தது வெறும் 10.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2000 ரூபாய். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் வாசற்படி 75 சதவீதம். ஐந்து சதவீதத்தில் வெளியே நின்றோம். வருவாய்த்துறையின் 1500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும், ஆனால் அதற்கு வருமானம் சம்பந்தமான நிபந்தனைகள் தனி.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவர் ஒரு மில்லில் ஃபிட்டர். மாதாமாதம் சம்பளத்தில் இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் பிடித்தார்கள். படுத்த பிறகு இஎஸ்ஐ-யில் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது. அதோடு முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். முடியவில்லை. பக்கவாதம் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதி இருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி இருக்கிறது. பிஎஃப் பக்கத்தில் இன்னொன்று. வேலையில் இருக்கும்போதே ஒருவர் நிரந்தரமாக, முழுவதுமாக வேலை செய்ய முடியாதவராகிவிட்டால், ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டியதில்லை, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். நம் தெருவில் எத்தனை வீடுகளில் இதைத் தெரியாமல், பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது அப்படி ஒருவர் படுத்திருந்தால், மொத்தப் பணத்துக்கு மனு எழுதும் முன் ஓய்வூதியத்தைப் பற்றிக் கேளுங்கள்.

70 சதவீதத்துக்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெண் பழக்கமானாள். அவள் வீட்டுக்காரர் கட்டடத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர், எட்டு வருஷமாகப் படுக்கை. எங்கள் கதையைக் கேட்டதும் முதலில் அவள் கேட்டது, "அக்கா, அன்னிக்கு அண்ணனுக்கு என்ன சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போனீங்க?" என்றுதான்.

சொன்னேன்.

"அதுதாங்க்கா. நீங்க செஞ்ச வேலையெல்லாம் அண்ணன் செஞ்சதாக் கணக்குல ஏறிப்போச்சு."

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். கையை அளக்க அந்த வழிகாட்டியில் பத்து வேலைகள் கொடுத்திருக்கிறார்கள். இந்திய முறைப்படி கையால் சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது, பட்டன் மாட்டுவது, வேட்டி கட்டுவது, தண்ணீர் குடிப்பது, எழுதுவது என்று எல்லாம் நம் வீட்டில் நடக்கிற வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 9. எழுதியவர்களுக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் அதில் ஒன்றைக்கூடச் செய்துகாட்டச் சொல்லவில்லை. வரிசையில் எண்பது பேர் நிற்கும்போது டாக்டரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரிசை நீளமாக இருந்தது என்பதற்காக ஒரு குடும்பத்தின் மாத அரிசி போகலாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 59-ஆம் பிரிவில், சான்றிதழில் குறையிருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

அன்றைக்கும் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போனேன். அழுக்காகக் கூட்டிப்போகச் சொல்லி எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அது என்னால் ஆகாது, அவருக்கும் அது அவமானம். அதே வெள்ளைச் சட்டைதான். ஆனால் பட்டனை மட்டும் மாட்டவில்லை. "சார், இதை அவரையே மாட்டச் சொல்லிப் பாருங்க" என்றேன். இந்த டாக்டர் வயதானவர். சரி என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் முதல் பட்டனை எடுத்தார். இடது கை துணியைத் தேடியது. வலது கை மடியிலேயே கிடந்தது. தூக்கப் பார்த்தார், தோள்தான் எழும்பியது, கை வரவில்லை. பட்டன் நழுவியது. மறுபடி பிடித்தார். நெற்றியில் வியர்வை. மாட்டிவிட எழுந்த என் கையை நானே பிடித்து நிறுத்திக்கொண்டேன். ஆறு வருஷப் பராமரிப்பில் எனக்கு அதைவிடக் கஷ்டமான நாலு நிமிஷம் வந்ததில்லை. டாக்டர்தான் கடைசியில், "போதும் ஐயா" என்று சொல்லி அந்தப் பட்டனைத் தானே மாட்டிவிட்டார்.

கை காலுக்கு 70 எழுதினார். பேச்சுக்கு அதே 30. 90-ல் 70 போக 20, முப்பதால் பெருக்கினால் 600, தொண்ணூறால் வகுத்தால் ஆறரை சொச்சம். வாசற்படி தாண்டிவிட்டோம். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மஞ்சள் நிறத்தில் வந்தது. 80-ம் அதற்கு மேலும் இருந்தால் நீலம்.

சரி, அவருக்கு 2000. என் கணக்கு?

அதே சட்டம் பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்போது, கூலி வாங்கிக்கொண்டோ வாங்காமலோ பார்த்துக்கொள்ளும் பெற்றோர், குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. நம் மாநிலத்தில் அந்தப் படி மாதம் 1000 ரூபாய் என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். இல்லாத மாநிலங்களை நினைத்தால் இது பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஆந்திராவில் 2024-லிருந்து மாற்றுத்திறனாளிக்கு 6000, படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு 15,000 தருகிறார்கள். நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காரர்கள் அதைக் கேட்டுச் சாலையில் உட்காரும்போது, போக்குவரத்து நிற்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கணக்கும் என்னைத் தூங்கவிடவில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றம், சாலை விபத்தில் முழுக்க முடங்கிய ஒரு பெண்ணின் வழக்கில், பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு மாதம் 5000 என்று வைத்து, 18 வருஷத்துக்குப் பெருக்கி, உதவியாளர் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. லாரி மோதினால் பராமரிப்புக்கு விலை உண்டு. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் அதே பராமரிப்பு பெண்டாட்டியின் கடமையாகிவிடுகிறது.



பராமரிப்பாளர் படிக்கு மனு கொடுக்கும் முன், வராந்தாவில் பழகிய அந்தப் பெண் என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னாள். ஒரு வாரம், காலையிலிருந்து மறுநாள் காலை வரை செய்கிற ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினேன். 5.10 டயப்பர் மாற்றியது. 5.40 பல் துலக்கிவிட்டது. 7.00 இட்லி, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் முழுங்கிவிட்டாரா என்று பார்த்தது. 8.15 மாத்திரை பொடித்தது. இரவு 2.00 புரட்டிப் படுக்கவைத்தது.

ஏழாம் நாள் ராத்திரி நோட்டை அவர் கண்ணில் படும்படி திறந்து வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இடது கையின் ஆள்காட்டி விரல் கடைசி வரியில் இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல.

"என்னங்க, தப்பா எழுதிட்டேனா?"

பேச்சு போன பிறகும் எண்கள் மட்டும் அவரிடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. உதட்டைக் கோணி, மூச்சைச் சேர்த்துச் சொன்னார்.

"ரெண்டு."

புரியவில்லை. விரலை மறுபடி அந்த வரியில் தட்டினார். "ரெண்டு... ரெண்டு தரம்."

ஆமாம். நாலரை மணிக்கு ஒருதரம் புரட்டுவதை நான் எழுதவே இல்லை. பேனாவை எடுத்து வந்து, அவர் பார்க்க, அதையும் எழுதினேன்.

(தொடரும்)