திரும்பி வந்தவரின் இடம்

கால்பந்தில் கோல் போடுகிறவரின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். கோலைத் தடுக்கிறவரின் பெயரும் ஓரளவு தெரியும். நடுவில் நின்று, எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிட்டு மறுபடியும் ஓடுகிறவரை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஓடியிருப்பார். மறுநாள் செய்தியில் அவர் பெயர் இருக்காது. அவர் ஆடாத நாளில்தான் அவர் செய்துவந்த வேலை தெரியவரும். உழைப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு, கால்பந்து பார்க்கும்போதும் கண் அந்த ஆளிடமே போய் நிற்கிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் டேரன் ஃப்ளெட்சர். 1984இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 2003இல் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். ஆரம்பத்தில் சொந்த ரசிகர்களே, 'இவர் எதற்கு இந்த அணியில்?' என்று முணுமுணுத்தார்கள். அவருடைய மதிப்பு அவர்களுக்கு 2009இல்தான் முழுதாகத் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அர்செனலுடன் ஆடும்போது அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அவர் கால் முதலில் பந்தைத்தான் தொட்டது என்று மறுஒளிபரப்பு காட்டியது. ஆனாலும் தண்டனை தண்டனைதான். ரோம் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. பார்சிலோனாவின் ஷாவியும் இனியெஸ்டாவும் நடுக்களத்தைத் தங்கள் வீட்டு முற்றமாக்கிக்கொண்டார்கள். யுனைடெட் 2-0 என்று தோற்றது. அடுத்த பருவத்தின் சிறந்த அணியாக ஆட்டக்காரர்களின் சங்கம் தேர்ந்தெடுத்த பதினொருவரில் ஃப்ளெட்சரும் ஒருவர். சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துக் கிடைக்கும் மரியாதை அது.

ஆனால் அந்த உடம்புக்குள் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தது. அல்சரேட்டிவ் கொலைடிஸ். பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய். பசி பட்டினியால் வயிற்றில் வருவதாக நாம் சொல்லும் 'அல்சர்' அல்ல இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்கும் கோளாறு. தொற்றாது. சில மாதம் அடங்கியிருக்கும், திடீரென்று சீறும். சீறும்போது நாளுக்குப் பத்து முறை, இருபது முறைகூடக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். மலத்தில் ரத்தம் போகும். சோகை வரும், எடை இறங்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஓடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃப்ளெட்சர் இதை மறைத்தார். 2011 வசந்தத்தில் அவர் பல வாரங்கள் ஆடாமல் இருந்தபோது, ஏதோ வைரஸ் காய்ச்சல் என்றே வெளியில் சொல்லப்பட்டது. கூட ஆடியவர்களிடமே பொய்க் காரணங்கள் சொல்லிச் சமாளித்ததாகப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடக்கலாம். குடல் நோயை எப்படிச் சொல்வது? கழிப்பறை என்ற சொல்லையே நாகரிகம் கருதி விழுங்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி விழுங்குகிறவர்கள்தான், அதைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

மறைப்பதும் ஓர் உழைப்புதான். வாடகை வீடு கேட்கப் போன இடத்தில் தெருப் பெயரை விழுங்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்! அடுத்த கேள்வி என்னவாக வரும், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனசு முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கும். நோயும் சாதியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஃப்ளெட்சர் உண்மையைச் சொன்னபோது அவருக்கு ஆதரவு திரண்டது. நாம் சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. ஆனாலும் சொல்வதற்கு முந்தைய அந்த நாட்களின் களைப்பு என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2011 டிசம்பரில் கிளப் வெளிப்படையாக அறிவித்தது: ஃப்ளெட்சருக்கு இன்ன நோய், அவர் நீண்ட ஓய்வில் போகிறார். அறிவித்த பிறகுதான் மனம் லேசானது என்பது அவர் பேச்சிலிருந்து புரிகிறது. தன் நோயைப் பற்றிப் பொது இடங்களில் பேசினார். அதே நோயுள்ளவர்களுக்கான தொண்டு அமைப்புக்காக நிதி திரட்டினார்.

ஆனால் ஆட்டம் யாருக்காகவும் நிற்பதில்லை. அவர் ஓய்வில் போன சில வாரங்களில், 2012 ஜனவரியில், யுனைடெட்டின் நடுக்களத்தில் ஆள் போதவில்லை. முந்தைய ஆண்டே ஓய்வுபெற்றுவிட்ட பால் ஸ்கோல்ஸ் 37 வயதில் மறுபடியும் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஸ்கோல்ஸ் மகத்தான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வீட்டில் படுத்தபடி அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் ஃப்ளெட்சரின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு நினைக்கத் தோன்றுகிறது.

2012 செப்டம்பரில், துருக்கியின் கலாட்டாசரேயுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். அரங்கம் எழுந்து கைதட்டியது. நவம்பரில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றிய நேரத்தில் நோய் மறுபடி தலைதூக்கியது. 2013 ஜனவரியில் அறுவை சிகிச்சைக்குப் போனார். அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத நிலையில் பெருங்குடலையே அகற்றிவிடுவது இந்த நோய்க்குக் கடைசி வழி. அதற்குப் பிறகு பழைய வேகத்தில் 90 நிமிடம் ஓட முடியும் என்று நம்பியவர்கள் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இத்தனை காலமும் அவருடைய ஒப்பந்தத்தைக் கிளப் முறிக்கவில்லை. குணமாகி வரட்டும் என்று காத்திருந்தது. நம் ஊரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி பத்து நாள் காய்ச்சலில் படுத்தால், பதினோராம் நாள் அவருடைய துடைப்பம் இன்னொருவர் கையில் இருக்கும். கட்டட வேலையில் பத்து நாள்கூடத் தேவையில்லை. உலகின் பணக்காரக் கிளப்போடு இதை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நோயாளியின் இடத்தைக் காப்பாற்றி வைப்பது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய சலுகையா என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்.

2013 டிசம்பரில், ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, மறுபடியும் களமிறங்கினார். எதிரணி ஆஸ்டன் வில்லா. அந்த அணியின் தலைவராக இருந்த நடுக்கள ஆட்டக்காரர் ஸ்டிலியன் பெட்ரோவ், பல்கேரியாக்காரர், 2012 மார்ச்சில் ரத்தப் புற்றுநோய் கண்டவர். அவருடைய சட்டை எண் 19. ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்தொன்பதாம் நிமிடத்தில் வில்லா ரசிகர்கள் எழுந்து நின்று அவருக்காகக் கைதட்டிவந்தார்கள். 2013இல் பெட்ரோவ் ஓய்வை அறிவித்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. 2016 கோடையில், நோயிலிருந்து மீண்டு, 37ஆம் வயதை எட்டும் நேரத்தில், அதே வில்லாவோடு பயிற்சி எடுத்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கைதட்டல் ஒன்று, பதினொருவரில் ஓர் இடம் வேறொன்று.

ஃப்ளெட்சருக்கும் இது தெரியவந்தது. 2014இல் புதிய பயிற்சியாளர் லூயி வான் கால் அவரைத் துணைத் தலைவராக்கினார். பருவத்தின் தொடக்கத்தில் ஆடவும் வைத்தார். பிறகு புதிதாக வாங்கிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். துணைத் தலைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நோயைச் சொல்லி யாரும் ஒதுக்கவுமில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டு ஆடியவருக்கு, விட்ட இடத்திலிருந்தே தொடங்க அந்தக் களத்தில் வாய்ப்பில்லை. சிறுவனாக வந்து சேர்ந்த கிளப்பில் தன் இடம் தனக்குத் திரும்பாது என்பதை ஒப்புக்கொள்வது நோயை ஒப்புக்கொள்வதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

நடுவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலத்தில் ரத்தம் போனால் 'மூலம்' என்று நாமே முடிவுகட்டி, பேருந்து நிலையச் சுவரில் பார்த்த விளம்பரத்தைத் தேடிப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூலமாகவும் இருக்கலாம், இந்தக் குடல் அழற்சியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல்நோக்கிச் சோதனை செய்கிறார்கள். வெட்கப்பட்டு நாள் கடத்தாதீர்கள்.

2015 பிப்ரவரி தொடக்கத்தில் ஃப்ளெட்சர் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்ற நடுத்தரக் கிளப்புக்கு மாறினார். அவருக்காக அந்தக் கிளப் ஒரு பவுன்டுகூட மாற்றுத்தொகை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போனவுடனேயே தலைவர் பட்டையைக் கையில் கட்டினார்கள். 2015-16 பருவத்தில் லீக் ஆட்டங்கள் 38. முப்பத்தெட்டிலும் அவர் ஆடினார். அந்தப் பருவத்தில், 2016 மார்ச் 6 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் அவர்களுடைய அரங்கத்துக்கு வந்தது. யுனைடெட்டின் பயிற்சியாளர் அதே வான் கால். வெஸ்ட் பிராம் 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் சாலமோன் ரோண்டன். தலைவர் பட்டையோடு நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் ஃப்ளெட்சர்.