பண்ணைப்புரமும் கிட்டார் நரம்பும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். 1943-ஆம் ஆண்டு ஆங்குப் பிறந்தவர் இசைஞானி இளையராஜா. அவர்தம் பாடல்கள் மண்மணம் கமழ்வன என்று போற்றாதார் இலர். அம்மணத்திற்குக் கிட்டார் என்னும் அயல்நாட்டுக் கருவி துணைநின்ற வகையை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமையனார் பாவலர் வரதராசனாரின் குழுவோடு ஊர்தோறும் சென்று ஆர்மோனியம் வாசித்தவர் இளையராஜா. 1968-இல் சென்னை புகுந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் பொற்பதக்கமும் பெற்றார். தாமே இசையமைக்கத் தொடங்குமுன் பிறர் குழுக்களிற் கிட்டார் வாசித்து வாழ்ந்தார்.

இனி, அக்கருவியின் இயல்பைக் காண்போம். கிட்டாருக்கு நரம்புகள் ஆறு. வீணையில் நரம்பை மெட்டின்மேல் இழுத்துக் கமகம் பிறப்பிப்பர். கிட்டாரின் தனிச்சிறப்போ பல சுரங்களை ஒருங்கே எழுப்புதலாம். அவற்றை ஒருசேர மீட்டலாம். ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கவும் செய்யலாம். பாலத்தருகே மீட்டின் ஒலி கூர்மையுறும். துளையருகே மீட்டின் குழைவு பெறும்.

சுரங்களை உதிர்க்கும் முறையில் இளையராஜாவுக்குள்ள விருப்பத்தை அவர் பாடல்களே காட்டும். ‘மூடுபனி’ (1980) படத்தில் ஏசுதாஸ் கிட்டாரோடு பாடும் நிலாப் பாடலையும், ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்து ‘இளைய நிலா’வையும் கேட்டறிக. பின்னதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். மீட்டிய நரம்பின் ஒலி விரைவில் தேய்வது. ஆதலின் பாடுவோன் குரலுக்கு இடம் விட்டு நிற்கும். நீண்டொலிக்கும் கருவி அக்குரலை மூடிவிடவுங்கூடும். இவ்விடைவெளியே அவர்தம் விருப்பத்திற்குக் காரணமாகலாம் என்பது எம் கருத்து.

“நாட்டுப்புற மெட்டுக்கு அயற்கருவி எற்றுக்கு?” என வினவுவாரும் உளர். பிடில் மேனாட்டினின்று வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனைக் கருநாடக இசைக்கு உரித்தாக்கினார். இன்று அதனை அயலது என்பார் யார்? அவ்வாறே ‘அன்னக்கிளி’யில் (1976) நாட்டுப்புற மெட்டு தன் வடிவு குன்றாமலே மேனாட்டுச் சுரக்கூட்டின்மேல் நின்றது. 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார் அவர். 2025 மார்ச்சு 8-இல் அவர்தம் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினரால் அரங்கேறியது.

ஊர்ப்பாட்டைத் துறந்தாலன்றி உலகக் கல்வி எய்தாது என்று அஞ்சும் மாணவர் நம்மிடையே உளர். அயல்நரம்பை ஐயமறக் கற்றமையாலன்றோ பண்ணைப்புரத்து மெட்டு அத்துணைத் தொலைவு சென்றது! நண்பர்காள், தம் மெட்டை மறவாதார்க்கு எந்நாட்டுக் கருவியும் தம் கருவியே.