குப்பை கிடங்கு வருதா? கல்குவாரி வருதா? கருத்து கேட்பு கூட்டத்தில் கோட்டை விடாதீங்க!

ஆதம்பாக்கம்,

பேப்பரின் உள்பக்க மூலையில் ஒரு விளம்பரம். பொடி எழுத்து. தலைப்பு, ‘பொதுமக்கள் கருத்து கேட்பு கூட்டம்’. அதற்குக் கீழே சர்வே எண், கிராமம், தாலுகா, ஹெக்டேர் கணக்கு. வரன் தேடுறவங்க வரன் பக்கத்துக்கும், ராசிபலன் பார்க்கிறவங்க ராசிபலனுக்கும் போயிடுவாங்க. விளம்பரம் மறுநாள் பஜ்ஜி எண்ணெய் ஒற்றும் காகிதமாகி விடும். பிறகு ஒருநாள் லாரி வரிசையாக வந்து நிற்கும்போதுதான், ‘எங்களை யாரும் கேக்கவே இல்லையே’ என்று குரல் எழும்பும்.

கேட்டாங்க. 30 நாள் டைம் கொடுத்து கேட்டாங்க. அந்த விளம்பரம்தான் கேள்வி.

குப்பை கிடங்கு, குப்பை பதப்படுத்தும் ஆலை, கல்குவாரி போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் அந்தப் பகுதி மக்களிடம் கருத்து கேட்க வேண்டும் என்கிறது, மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14-ந்தேதி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆனால் அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கும், போனால் என்ன பேசலாம், பேசினால் அது எங்கே போகும் என்பது பலருக்கும் தெரியாது.

நமக்கு என்ன சம்பந்தம்?

ஆதம்பாக்கத்தில் பெரிய குப்பை கிடங்கும் கிடையாது, குவாரியும் கிடையாது. அப்புறம் எதுக்கு இந்தக் கதை என்று என்.ஜி.ஓ. காலனி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் கேட்கலாம்.

கருணீகர் தெருவிலோ கக்கன் பாலம் பக்கத்திலோ காலையில் வண்டியில் ஏறும் குப்பை எங்கே போகுது? தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக மலையாகக் குவிந்த இடம் பெருங்குடி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்த மலை அது. 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே பிடித்த தீ நாள் கணக்கில் எரிந்தது, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சு திணறியது. அதே 2022-ல்தான் பள்ளிக்கரணைக்கு ‘ராம்சர்’ அந்தஸ்தும் கிடைத்தது. ஒரு பக்கம் சர்வதேச மதிப்பு, இன்னொரு பக்கம் குப்பைப் புகை. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் ‘பயோமைனிங்’ வேலை பல நூறு கோடி ரூபாய் செலவில் தொடங்கியதும் இந்த மலையைக் கரைக்கத்தான்.

கல்லுக்கும் இதே கதைதான். பழைய தனி வீட்டை இடிச்சு அபார்ட்மென்ட் கட்டும் தெருக்கள் இங்கே எத்தனை! ஒவ்வொன்றுக்கும் லாரி லாரியாக ஜல்லியும் எம்-சாண்டும் வந்து இறங்குது. அது எங்கோ ஒரு மலையை உடைத்து வந்த சரக்கு. ஒருகாலத்தில் அந்த மலை திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் இருந்தது. இப்போது இன்னும் தள்ளிப் போயிருக்கிறது.

சாதாரண கல் இல்லீங்க

பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருங்கல்லுக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு, ‘சார்னோகைட்’. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர், 1893-ல் சார்னாக் பெயரையே கல்லுக்கு வைத்து விட்டார். பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் பாறை தேசிய புவியியல் நினைவுச் சின்னம். 1863-ல் ராபர்ட் புரூஸ் புட் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான்.

அந்த மலைகளில் ஒரு பகுதிதான் ஜல்லியாகி சென்னையின் சுவரிலும் ரோட்டிலும் கலந்து விட்டது. மிச்சம் பள்ளம். மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரி பள்ளங்களில் தேங்கிய தண்ணீரை, 2017 மற்றும் 2019 வறட்சியில் சுத்திகரித்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குவாரி பள்ளத்துக்கு அப்படியும் ஒரு யோகம் அடித்தது. எல்லா பள்ளத்துக்கும் அடிக்காது.

கூட்டம் எப்படி நடக்கும்?

திட்டம் கொண்டு வருபவர் முதலில் வரைவு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் உள்பட சில இடங்களில் அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் போய் பார்க்கலாம். கூட்டத்தை ஏற்பாடு செய்வது மாசு கட்டுப்பாட்டு வாரியம். ஒரு தேசிய நாளிதழ், ஒரு மாநில மொழி நாளிதழ் இரண்டிலும் குறைந்தது 30 நாள் முன்கூட்டி விளம்பரம் வர வேண்டும்.

கூட்டம் திட்டம் வரும் இடத்திலோ, அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். 20 கிலோ மீட்டர் தள்ளி ஏசி ஹாலில் நடத்தக் கூடாது. தலைமை தாங்குபவர் கலெக்டர், அல்லது கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. நடப்பதை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில், மக்கள் பேசியதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்டி, அதன் பிறகே தலைமை அதிகாரி கையெழுத்து போடணும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஜனங்க கோட்டை விடுறாங்க. பேசி முடிச்சு, கைதட்டு வாங்கி, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு கிளம்பிடுவாங்க. வாசிக்கும்போது பந்தலில் நாற்காலி அடுக்குறவர்தான் இருப்பார். தான் பேசினது பதிவாச்சா இல்லையா என்று சரிபார்க்க இருக்கும் நல்ல சந்தர்ப்பம் அதுதான்.

இன்னொரு விஷயம், இந்தக் கூட்டத்துக்கு ‘கோரம்’ கிடையாது. 5 பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அதனால் புறக்கணிப்பு, வெளிநடப்பு எல்லாம் மறுநாள் போட்டோவுக்கு நல்லா இருக்கும். பதிவேட்டில் ‘எதிர்ப்பு’ என்று ஏறாது. நேரில் வர முடியாதவர்கள் எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம்.

ஓட்டெடுப்பு இல்லை

ஊரே திரண்டு வேண்டாம்னு சொன்னா திட்டம் நின்னு போயிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நிற்காது. இது ஓட்டெடுப்பு அல்ல. 500 பேர் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கோஷம் போட்டால், பதிவாகும் கருத்து ஒன்றுதான்.

ஆனால் ஒரே ஒருவர் எழுந்து, ‘இந்த சர்வே எண்ணுக்கு 200 மீட்டரில் குடியிருப்பு இருக்கு, உங்க அறிக்கையில் அதைக் காணோமே’ என்று கேட்டால் கதை வேறு. அதற்கு திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுதியே ஆகணும். கூட்டம் முடிந்த 8 நாளில் நடவடிக்கை குறிப்புகள் அனுமதி தரும் ஆணையத்துக்குப் போக வேண்டும். நாளைக்கு பசுமை தீர்ப்பாயத்தில் கேஸ் நடந்தால், கையில் இருக்கும் ஆதாரம் இந்தக் குறிப்புகள்தான்.

அந்த 200 மீட்டர் சும்மா சொன்னதில்லை. தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகள்படி, குடியிருப்புகளில் இருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு குத்தகை தரக்கூடாது. ஆக, கோஷத்தைவிட அளவு டேப்புக்கு பலம் அதிகம்.

5 ஹெக்டேர் ஓட்டை

குவாரி விஷயத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. சின்ன குவாரிக்கு கெடுபிடி குறைவு என்பதால், ஒரே மலையைத் துண்டு துண்டாகக் கூறு போட்டு தனித்தனி குத்தகை எடுப்பது. சுப்ரீம் கோர்ட் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் இதற்கு கடிவாளம் போட்டது. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. பின்னர் 2016 ஜனவரியில் வந்த திருத்தத்தில், 25 ஹெக்டேர் வரை கருத்து கேட்பு இல்லாமலே அனுமதி தர வழி திறந்தது. 2018 செப்டம்பரில் பசுமை தீர்ப்பாயம் அதையும் ஏற்கவில்லை. 5 ஹெக்டேரைத் தாண்டினால் மதிப்பீட்டு அறிக்கையும் கருத்து கேட்பும் வேணும், பக்கத்து பக்கத்து குவாரிகளைச் சேர்த்து கணக்கிடும்போது தாண்டினாலும் வேணும் என்று சொல்லி விட்டது.

இதைவிட முக்கியமான, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று ‘மாவட்ட ஆய்வு அறிக்கை’. ஒரு மாவட்டத்தில் எங்கே என்ன கனிமம் இருக்கு, எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று சொல்வது இதுதான். வரைவை வெளியிட்டு 21 நாள் கருத்து கேட்க வேண்டும் என்பது விதி. இந்த அறிக்கை சத்தமில்லாமல் தயாராகி முடிந்த பிறகு, தனி ஒரு குவாரியை எதிர்த்து மல்லுக்கட்டுவது கஷ்டம்.

இதிலும் ஒரு சிக்கல். 2018-ல் ஆலந்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் கூப்பிடு தூரத்து திரிசூலம் செங்கல்பட்டு மாவட்டம். கல் உடைக்கும் மாவட்டம் ஒன்று, தூசி சுமந்து லாரி ஓடும் மாவட்டம் இன்னொன்று. 21 நாளும் பக்கத்து மாவட்ட இணையதளத்தில் ஓடிப் போயிடும்.

ஆலந்தூர் காட்டிய வழி

கருத்து கேட்பு என்றாலே கண்துடைப்பு என்று சலித்துக் கொள்பவர்கள், இதே ஆதம்பாக்கம் சேர்ந்திருந்த பழைய ஆலந்தூர் நகராட்சியின் கதையைக் கேட்கணும். இங்கே கழிவு என்றால் குப்பை இல்லை, சாக்கடை.

1990-களில் இந்தப் பகுதி முழுக்க செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் லாரி, மழை பெய்தால் தெருவில் ஓட்டம், கொசுவுக்குக் கொண்டாட்டம். 1996-ல் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரானதும் பாதாள சாக்கடை திட்டம் பேச்சுக்கு வந்தது. செலவோ சுமார் 34 கோடி ரூபாய். ஒரு நகராட்சிக்கு அன்று அது மலைப்பான தொகை.

அப்போது, நேராக டெண்டருக்குப் போகாமல் மக்களிடம் சர்வே எடுத்தார்கள். ‘திட்டம் வேணுமா?’ என்ற சுலபமான கேள்வியோடு நிற்கவில்லை. ‘டெபாசிட் எவ்வளவு கட்டுவீங்க, மாசம் எவ்வளவு தருவீங்க?’ என்றும் கேட்டார்கள். வேணும் என்று சொல்ல காசு செலவில்லை. எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய், கடை, கம்பெனிக்கு 10 ஆயிரம் ரூபாய் டெபாசிட் என்று முடிவானது. குழாய் பதிக்க மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே பணம் கேட்கிறார்கள். அன்றைக்கு 5 ஆயிரம் என்பது பல வீடுகளில் ஒரு மாச சம்பளத்துக்கு மேல. குழாயே வராமல் பணம் போயிடுமோ என்ற பயம் இருக்கத்தானே செய்யும். குடியிருப்போர் சங்கங்களை வைத்து தெருத் தெருவாகப் பேசி, ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்ட வைத்தார்கள். வேலை 2000-ல் தொடங்கி, இணைப்புகளும் வந்தன. நாட்டிலேயே மக்கள் பணமும் போட்டு, தனியார் பங்கோடு நடந்த முதல் கழிவுநீர் திட்டங்களில் ஒன்று என்று இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள்.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. கருத்து கேட்டது ஆலந்தூர் மக்களிடம். சுத்திகரிப்பு நிலையம் வந்ததோ பெருங்குடியில். குப்பை ஆகட்டும், சாக்கடை ஆகட்டும், கடைசியில் பெருங்குடி தலையில்தான்.

2011-ல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து 12-வது மண்டலம் ஆகிவிட்டது. தெருக்காரரிடம் நேராகக் கணக்கு கேட்ட நகராட்சி மன்றம் இப்போது இல்லை.

தமிழில் கேட்டாதான் பதில் வரும்

2020-ல் மத்திய அரசு இந்த அறிவிக்கைக்கே புது வரைவு கொண்டு வந்தது. கருத்து கேட்பு கூட்டத்துக்கான நோட்டீஸ் காலத்தை 30 நாளில் இருந்து 20 ஆகக் குறைக்கும் யோசனை அதில் இருந்தது. வரைவு வந்ததோ இந்தியிலும் இங்கிலீஷிலும். கருத்து சொல்ல அவகாசத்தை நீட்டி, மற்ற மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது டெல்லி ஐகோர்ட். லட்சக்கணக்கில் மெயில் குவிந்தது. அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை. ஆக, ஜனங்க எழுதினால் டெல்லிக்கும் கேட்கும்!

வார்டுக்குள்ளேயே பேசலாம்

வார்டுக்குள் வரும் சின்ன உரக்கிடங்கு, குப்பை வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு மேலே சொன்ன கருத்து கேட்பு கூட்டமெல்லாம் கிடையாது. அதற்கு இருக்கும் இடம் ஏரியா சபை. 2022 நவம்பர் 1-ந்தேதி பம்மலில் நடந்த ஏரியா சபை கூட்டத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்து கொண்டார். கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. கவுன்சிலர் தலைமையில், அந்தந்த பகுதி வாக்காளர்கள் போய் பேசலாம்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போவது நல்லது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்கிக் கொள்ளணும். மனுவில் சர்வே எண், தூரம், அறிக்கையின் பக்க எண் மூணும் இருக்கட்டும். நடவடிக்கை குறிப்பின் நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு விண்ணப்பம் போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.