ஆக்லாந்து மண்ணில் ஆசியப் பேரி

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளையும் பேரிக்காய் ரகங்களில் ஒன்றான 'கீஃபர்', ஐரோப்பியப் பேரிக்கும் சீனத்து மணற்பேரிக்கும் பிறந்த கலப்பினமாகும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை ஒட்டிய பகுதியில் பீட்டர் கீஃபர் என்ற நாற்றுப் பண்ணையாளர் வளர்த்த மணற்பேரி விதையில் தற்செயலாகக் கலந்துவிட்ட ஐரோப்பிய மகரந்தத்தால் உருவாகி, 1863இல் முதன்முறையாகக் காய்த்த மரம் அது. மலைச்சுற்றுலா சென்று திரும்புவோர் பை நிறைய வாங்கிவரும் அந்தக் காயின் கடினத்துக்கும் நறநறப்புக்கும், அதிகக் குளிரில்லாத மலைகளிலும் காய்க்கும் அதன் இயல்புக்கும் அந்த ஆசியப் பெற்றோரே பெருமளவு காரணம். அந்தப் பெற்றோரின் இனமான 'பைரஸ் பைரிபோலியா', ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு, நியூசிலாந்தில் 'நாஷி' என்ற ஜப்பானியப் பெயராலேயே சந்தைக்கு வருகிறது. அந்நாட்டின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தில் இம்மரம் எதிர்கொள்ளும் சிக்கல்களைப் பார்த்தால், ஒரு பழமரத்தின் உயிரியலில் எவ்வளவு பகுதி அது பிறந்த ஊரின் தட்பவெப்பத்தோடு பிணைந்திருக்கிறது என்பது விளங்கும்.

பேரி இனங்கள் இன்றைய மேற்குச் சீனத்தின் மலைப்பகுதிகளில் தோன்றி, மேற்கே ஒரு கிளையாகவும் கிழக்கே ஒரு கிளையாகவும் பரவின என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. இவ்விரு கிளைகளும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, தனித்தனியாகவே மனிதர் கைக்கு வந்தன என்று மரபணுத்தொகுதி ஆய்வுகளும் காட்டுகின்றன. உண்பவருக்குத் தெரியும் வேறுபாடு பழுக்கும் முறையில் இருக்கிறது. ஐரோப்பியப் பேரி மரத்தில் முற்றியதும் காயாகவே பறிக்கப்பட்டு, குளிரில் சில காலம் வைக்கப்பட்டு, பின்னர் எத்திலீன் என்னும் பழுக்கவைக்கும் வாயுவைத் தானே பெருமளவில் சுரந்து வெண்ணெய்போல் குழைகிறது. நாஷியோ மரத்திலேயே உண்ணும் பக்குவத்தை அடைந்துவிடுகிறது; 'நிஜிஸ்ஸெய்கி' போன்ற ரகங்களில் எத்திலீன் சுரப்பு மிகமிகக் குறைவாக இருப்பதால், பறித்த பிறகும் அதன் சதை குழையாமல் மொறுமொறுப்பாகவே நிற்கிறது. ஐரோப்பியப் பேரிக்குப் பழகிய வாய், நாஷியை இன்னும் பழுக்காத காய் என்று எண்ணி மேசைமேல் நாள்கணக்கில் காத்திருக்க வைப்பது வீண்.

நிஜிஸ்ஸெய்கியின் பிறப்பும் கீஃபரைப் போலவே தற்செயல்தான். ஜப்பானின் சீபா மாநிலத்து மாட்சுடோ ஊரில், 1888இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த மாட்சுடோ ககுனோசுகே குப்பைமேட்டில் முளைத்திருந்த பேரிக்கன்று ஒன்றைக் கண்டெடுத்து நட்டார். பத்து ஆண்டுகள் கழித்து அது காய்த்தபோது, அன்றைய ஜப்பானியப் பேரிகள் எதிலும் இல்லாத மெல்லிய பச்சைத் தோலும் சாறு நிறைந்த சதையும் அதில் இருந்தன. புதிய நூற்றாண்டை எண்ணி 'இருபதாம் நூற்றாண்டு' எனப் பொருள்படும் அப்பெயரை அதற்குச் சூட்டினார்கள். பின்னாளில் அரசு ஆய்வுநிலையங்களில் கலப்பினம் செய்து உருவாக்கப்பட்ட 'கோசுயி', 'ஹோசுயி' ஆகிய பழுப்புத்தோல் ரகங்கள் முறையே 1959இலும் 1972இலும் வெளிவந்தன. பழுப்பு நிறத்துக்குக் காரணம், தோலின் மேலடுக்கில் படரும் தக்கை போன்ற செல்கள்.

இந்த ரகங்கள் நியூசிலாந்தில் பரவலாக நடப்பட்ட காலம் 1980கள். ஆக்லாந்தின் அவண்டேல் பகுதியில் ஹேவர்ட் ரைட் என்ற நாற்றுப் பண்ணையாளர் தேர்ந்தெடுத்த கிவிப்பழ ரகம் நாட்டுக்கே ஏற்றுமதி வருவாயை அள்ளிக்கொடுத்திருந்த நிலையில், அடுத்த கிவி எது என்ற தேடலில் பலர் இருந்தார்கள். வடகோளத்தில் பேரி இல்லாத மாதங்களில் தென்கோளத்தில் அறுவடை ஆகும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டதால், குமேயு, ஹெண்டர்சன், ஓராடியா ஆகிய மேற்கு ஆக்லாந்துப் பழத்தோட்ட வட்டாரங்கள் உட்படப் பல இடங்களில் நாஷி நடப்பட்டது; ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டிலும் பிற ஊர்களிலும் நிலையங்கள் வைத்திருந்த அரசின் அறிவியல் தொழிலாய்வுத் துறை அதன் சாகுபடியையும் சேமிப்பையும் ஆராய்ந்தது. இரண்டாவது கிவி என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. நாஷி இன்று அந்நாட்டில் சிறிய பயிர். ஆக்லாந்தில் வணிகத் தோட்டங்களைவிட வீட்டுக் கொல்லைகளில்தான் அது நிலைத்திருக்கிறது என்று சொல்லலாம். நகரம் விரிய விரியப் பழைய தோட்டங்கள் மனைகளாகிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆக்லாந்தின் குளிர்காலம் பேரிக்குச் சற்றே போதாதது. இலையுதிர்க்கும் மரங்கள் கோடை முடியும்போதே அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை உருவாக்கி, உள்ளுறக்கம் என்னும் நிலைக்குள் புகுந்துவிடுகின்றன. குறிப்பிட்ட அளவு குளிரை உணர்ந்த பிறகே அந்த உறக்கம் கலையும், அதற்கு முன் எவ்வளவு வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. குளிர்காலத்தின் நடுவே ஓரிரு வெதுவெதுப்பான நாள்கள் வந்தால் ஏமாந்து பூத்துவிடாமல் இருக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. கோசுயி ரகத்துக்கு 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறத்தாழ 800 மணிநேரம் தேவை என்பது ஜப்பானியக் கணக்கு. ஆனால் தெற்கு அட்சரேகை 37ஐ ஒட்டி, இருபுறமும் கடல் சூழ அமைந்த ஆக்லாந்தில், ஆண்டின் குளிர்ந்த மாதமான ஜூலையிலேயே சராசரி வெப்பநிலை 11 டிகிரி அளவில் நிற்கிறது. நகருக்குள் உறைபனி அரிது. மொட்டுக்கு 7 டிகிரி என்பது ஒரு சுவரன்று. அதைவிடச் சற்று மேலான குளிரையும் மரம் ஓரளவு கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது என்பதால்தான் அங்கு நாஷி பூக்கிறது. குளிர் குறைந்த ஆண்டுகளில் பூப்பு ஒரே வாரத்தில் முடியாமல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு கிளையில் பிஞ்சும் மறுகிளையில் விரியாத மொட்டுமாக நிற்கும் மரம், பின்னர் வரும் எல்லா வேலைகளையும் குழப்பிவிடுகிறது. இன்னும் வெப்பமான தைவானின் தாழ்நிலங்களில் இதற்கு வியப்பூட்டும் வழி ஒன்றைக் கையாள்கிறார்கள்: குளிரூட்டப்பட்ட பூமொட்டுக் குச்சிகளை ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர்ப் பேரி மரங்களின் கிளை நுனிகளில் புதிதாக ஒட்டுக்கட்டி, அந்த ஓராண்டு விளைச்சலை எடுத்துக்கொள்கிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை ஆக்லாந்து ஒரே ஊரன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு எரிமலைகள் கொட்டிய சாம்பலும் குழம்பும் உருவாக்கிய பொலபொலப்பான மண் ஒருபுறம். மழைக்காலத்தில் நீர்தேங்கி, கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் களிமண் மறுபுறம். நாஷி எங்கும் ஒட்டுக்கன்றாகவே நடப்படுவதால், ஒட்டின் கீழ்ப்பகுதியாக அமைந்து வேரைத் தரும் வேர்ச்செடியைக் கொண்டே இச்சிக்கல் தீர்க்கப்படுகிறது: ஈரக் களிமண்ணைத் தாங்கும் 'பைரஸ் கலெரியானா' என்ற காட்டுப்பேரியின் நாற்று அதற்கு உகந்தது. ஐரோப்பியப் பேரியைக் குட்டையாக்கப் பயன்படும் சீமைமாதுளை வேர்ச்செடி நாஷியோடு சரிவர ஒட்டுவதில்லை.

செப்டம்பரில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும் ஒற்றை மரம் காயே பிடிக்காமல் போவது ஆக்லாந்துக் கொல்லைகளில் அடிக்கடி கேட்கப்படும் குறை. நாஷி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. சூல்தண்டில் சுரக்கும் ஒருவகை நொதி, உள்ளே இறங்கும் மகரந்தக்குழாய் தன் மரபணுக் குறியையே கொண்டிருந்தால் அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு ரகமும் இத்தகைய குறிகள் இரண்டைச் சுமக்கிறது: நிஜிஸ்ஸெய்கிக்கு எஸ்2, எஸ்4, ஹோசுயிக்கு எஸ்3, எஸ்5, கோசுயிக்கும் 'ஷின்சுயி'க்கும் ஒரே மாதிரியாக எஸ்4, எஸ்5. எனவே நிஜிஸ்ஸெய்கியும் ஹோசுயியும் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று காய்க்கவைக்கும். கோசுயியும் ஷின்சுயியும் பெயரளவில் இரு ரகங்களானாலும், பக்கம் பக்கமாக எத்தனை மரம் நட்டாலும் பயனில்லை. இரு மரத்துக்கு இடமில்லாத மனைகளுக்காக, ஒரே அடிமரத்தில் இரு ரகங்களை ஒட்டிய கன்றுகளை நாற்றுப் பண்ணைகள் விற்கின்றன. இவ்வளவு பொருத்தம் பார்த்தாலும் மகரந்தத்தைச் சுமக்கத் தேனீ வேண்டும். பேரிப்பூவின் தேனில் சர்க்கரை குறைவு என்பதால், அருகில் வேறு பூ இருந்தால் தேனீக்கள் அங்கே போய்விடுகின்றன. போதாக்குறைக்கு, தேனீக்களை உண்டு வாழும் 'வர்ரோவா' என்னும் உண்ணி நியூசிலாந்தில் முதன்முதலாக 2000 ஏப்ரலில் கண்டறியப்பட்டதும் ஆக்லாந்தில்தான். அதன்பின் மரப்பொந்துகளில் வாழ்ந்த காட்டுத் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, மகரந்தச் சேர்க்கை வளர்ப்புத் தேனீப் பெட்டிகளை நம்பியதாகிவிட்டது. ஜப்பானில் இறகுக் குச்சியால் கையாலேயே மகரந்தம் தடவும் வழக்கம் உண்டு. கொல்லையில் ஓரிரு மரம் வைத்திருப்பவர் மெல்லிய தூரிகையால் அதைச் செய்துபார்க்கலாம்.

காய் பிடித்துவிட்டால் அடுத்த வேலை அதைக் குறைப்பது. ஒரு பூங்கொத்தில் எட்டுப் பூக்கள் வரை இருக்க, அவற்றுள் ஒரே ஒரு பிஞ்சை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும் என்பது புதிதாக வளர்ப்பவருக்கு மனம் ஒப்பாத காரியம். பழத்தின் அளவைத் தீர்மானிக்கும் செல்பிரிவு பூத்த முதல் சில வாரங்களிலேயே முடிந்துபோவதால், அதற்குப்பின் கலைத்தால் மிச்சமுள்ள பழங்கள் இனிப்பில் சற்றுத் தேறினாலும் பருமனில் தேறுவதில்லை. பேரியில் கொத்தின் அடியிலுள்ள பூ முதலில் விரியும். அடியிலிருந்து மூன்றாவது, நான்காவது இடங்களில் அமைந்த பிஞ்சே காம்பு நீண்டு, வடிவம் ஒத்து வளரும் என்பதால் தேர்ந்த கைகள் அதைத் தேடி நிறுத்துகின்றன. கடிக்கும்போது மணல்போல் நெருடும் கற்செல்கள், அதாவது லிக்னின் படிந்து சுவர் தடித்த செல்கூட்டங்கள், தோன்றுவதும் இந்தத் தொடக்கக் காலத்தில்தான்; புதிய ரகங்களில் அவை குறைந்திருப்பது பல தலைமுறைத் தேர்வின் விளைவு. இப்படிக் காய்காயாகப் பார்த்து வேலைசெய்ய வசதியாகவும், சூறாவளியில் பழம் உதிராமல் இருக்கவும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் போலத் தலைக்கு மேலே கம்பி கட்டிக் கிளைகளைக் கிடையாகப் படரவிடுவது ஜப்பானியர் முறை. கிவிக்கொடிக்கு ஏற்கெனவே பந்தல் போட்டுப் பழகிய நியூசிலாந்துக்காரர்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

நோய் வரலாற்றிலும் ஆக்லாந்துக்குத் தனியிடம் உண்டு. ஆப்பிளையும் பேரியையும் அழிக்கும் தீக்கருகல் நோய், 1780 அளவில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் கவனிக்கப்பட்டு, நெடுங்காலம் வட அமெரிக்காவுக்குள்ளேயே அடங்கியிருந்தது. அக்கண்டத்துக்கு வெளியே அது முதன்முதலில் பதிவானது 1919இல், ஆக்லாந்துப் பகுதியில். 'எர்வினியா அமைலோவோரா' என்ற பாக்டீரியா பூவின் தேன்சுரப்பி வழியாக நுழைந்து, வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த நாள்களில் ஓரிரவில் பெருகுகிறது. இளந்தளிரின் நுனி கொக்கிபோல் வளைந்து, இலைகள் உதிராமலே நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்துத் தொங்கும். வேலியாக நடப்பட்டிருந்த ஹாதார்ன் என்னும் முட்செடி நோயைத் தாங்கிப் பரப்பியதால், அதைக் கட்டுப்படுத்த 1922இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. இந்நோயைக் காரணம் காட்டி 1921 முதல் நியூசிலாந்து ஆப்பிளைத் தடுத்துவந்த ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்தது 2010இல். பூப்பு நீண்டுகொண்டே போகும் ஆக்லாந்து நாஷிக்கு இந்நோயின் ஆபத்து இரட்டிப்பு, ஏனெனில் தாமதமாக விரியும் ஒவ்வொரு பூவும் ஒரு திறந்த வாசல். கருகிய பகுதிக்கு ஓர் அடியேனும் கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கவாத்துக் கத்தரியைக் கிருமிநாசினியில் நனைப்பதே நம்பத்தகுந்த வைத்தியம். 'ஷின்கோ' என்ற ரகம் இதை ஓரளவு தாங்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நோய்க்கதையும் இருக்கிறது. ஐரோப்பியப் பேரியைத் தாக்கும் சொறிநோய்ப் பூஞ்சை நாஷியைத் தொடுவதில்லை. நாஷியைத் தாக்கும் 'வென்டூரியா நாஷிகோலா' ஐரோப்பியப் பேரியைத் தொடுவதில்லை. கிழக்காசியாவில் மட்டுமே காணப்படும் இரண்டாவது பூஞ்சை நியூசிலாந்தை எட்டவில்லை. இரு கிளைகளையும் கலந்தால் இரு காவலும் ஒரே மரத்தில் அமையுமல்லவா என்ற எண்ணத்தோடு, நாஷியின் மொறுமொறுப்பையும் ஐரோப்பியப் பேரியின் மணத்தையும் ஒரே பழத்தில் சேர்க்கும் கலப்பினத் திட்டம் 1980களில் அந்நாட்டில் தொடங்கியது. அத்திட்டத்தைப் பின்னாளில் முன்னெடுத்துச் சென்றது, மவுண்ட் ஆல்பர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் அமைந்த தாவர, உணவு ஆய்வு நிறுவனம். ஐரோப்பியப் பேரியின் மரபணுத்தொகுதியை 2014இல் வெளியிட்ட ஆய்விலும் அதற்கு முதன்மைப் பங்கு உண்டு. 'பிக்கபூ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சிவந்த தோல் பேரி அதன் விளைவுகளில் ஒன்று. பிலடெல்பியாவில் தற்செயலாக நேர்ந்த கலப்பு இங்கே திட்டமிட்டுச் செய்யப்படுகிறது. நாஷியால் ஆக்லாந்துக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம் ஏற்றுமதிப் பெட்டிகளைவிட இந்த மரபணுக்களில்தான் இருக்கிறது எனலாம்.

அறுவடை ஜனவரி இறுதியில் தொடங்கி, ரகத்துக்கேற்ப மார்ச் வரையும் அதற்கு அப்பாலும் நீள்கிறது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி மெல்லச் சாய்த்தால் காம்பு கிளையிலிருந்து தானே விடுபட வேண்டும். இழுத்துப் பறிக்க நேர்ந்தால் இன்னும் பக்குவமாகவில்லை என்று பொருள். தோல் அவ்வளவு மெல்லியதாகையால் நிஜிஸ்ஸெய்கியில் விரல்தடம்கூட அடுத்த நாள் பழுப்பாகத் தெரியும். வணிகத் தோட்டங்களில் கையுறையோடு பறிப்பது அதனால்தான். பழுத்த பழத்தைக் கொத்தும் பறவைகளுள் முன்னணியில் நிற்பது, 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நம் ஊர் மைனா.

இந்தப் பழுக்கும் காலமே பழ ஈக்கள் எல்லை தாண்டி வரும் காலமும் ஆகும். 2015 பிப்ரவரியில் ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் குவீன்ஸ்லாந்து பழ ஈ இனப்பெருக்கம் செய்வது கண்டறியப்பட்டபோது, சுற்றிலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் விளைந்த பழங்கள் எல்லையைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டு, உதிர்ந்த பழங்களைப் போடத் தனித் தொட்டிகள் வைக்கப்பட்டன. ஈ ஒழிந்ததென அரசு அறிவிக்க அவ்வாண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் இந்தியர் மிகுதியாக வாழும் பாப்பாடோய்டோய் பகுதியில் ஆசியப் பழ ஈ ஒன்று பொறியில் சிக்கியபோதும் அதே ஏற்பாடுகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அத்தகைய வாரங்களில், கொல்லையில் காய்த்த நாஷியை வீட்டிலேயே உண்ணலாம். எல்லைக்கு வெளியே இருக்கும் உறவினருக்கு ஒரு பழம்கூடக் கொடுத்தனுப்ப முடியாது.